திங்கட்கிழமை சலூன் விடுமுறை

ஸ்ஃபாக்ஸ்,
அக்டோபர் 9

அன்புள்ள ரவ்தா அக்காவுக்கு,

தங்கை ஒல்ஃபா எழுதுவது. நான் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. இந்த வாரம் உண்மையாகவே நலமாக இருந்தேன், அதனால் எழுதுகிறேன். உன் உடம்பும் மனமும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய காகிதக் கட்டு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. போனில் பேசி முடிவு செய்யலாம் என்று மேலே எழுதியிருக்கிறாய். போனில் நீ அழுதால் அடுத்து நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிவதில்லை. பேசாமல் இருந்தால் "லைன்ல இருக்கியா?" என்று கேட்கிறாய். இருக்கிறேன் என்கிறேன். மறுபடி அழுகிறாய். கடிதம் என்றால் நான் யோசித்து முடிக்கும் வரை நீ காத்திருந்துதான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் நான்கு முறை படித்தேன். உன் ஊர் கோத்தன்பர்க்கில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு என்னென்ன கிடைக்கும் என்று உன் கையாலேயே பட்டியல் எழுதியிருக்கிறாய். ஆளுக்கொரு சின்ன வீடு, நடையின் கடைசியில் கூப்பிட்டால் வர ஓர் ஆள். பகலில் போய் வேலை செய்ய ஓர் இடம். புதன்கிழமை கூடிச் சமைத்துச் சாப்பிட ஓர் இடம். அப்புறம் அந்தத் துணையாள். நகராட்சியே ஒருவரை நியமிக்கும், அவர் வாரம் ஒருமுறை நம்மோடு கடைக்கோ சினிமாவுக்கோ வருவார் என்று எழுதியிருக்கிறாய். அரசாங்கம் அனுப்பிவைக்கும் தோழி! முதலில் சிரித்துவிட்டேன். பிறகு, அம்மா போன இந்த எட்டு மாதத்தில் என்னோடு கடைக்கு வந்தவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல ஏற்பாடுதான். அதைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அடியில் இருந்த தாள். என்னை அங்கே அழைத்துக்கொள்ள வேண்டும் என்று உன் வக்கீல் கேட்டாராமே, அந்த வாக்குமூலம். "மேற்படி ஒல்ஃபா, வயது 34, தனியாக வாழ இயலாதவர், அன்றாடக் காரியங்கள் அனைத்துக்கும் பிறரைச் சார்ந்திருப்பவர்." கீழே மூன்று கோடுகள். ஒன்று டாக்டருக்கு, ஒன்று உறவினருக்கு, ஒன்று எனக்கு. அக்கா, தன் காரியம் எதையும் தானே செய்ய முடியாதவள் அதைப் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, உன் வக்கீல் அதைக் கவனிக்கவில்லையா?

நான் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன்.

ஃபெத்தி மாமா போட்டுவிட்டார். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மாமி கொடுத்துவிட்ட மீன் குஸ்குஸோடு அந்தத் தாளையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "ஒண்ணு அக்காகிட்ட போ. இல்லேன்னா எங்க வீட்டு மாடி ரூமுக்கு வந்துடு. பொம்பளப் புள்ள தனியா ஒரு வீட்ல இருந்தா ஊரு என்ன பேசும்?" என்றார். "என்ன பேசும் மாமா?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். "வாய் ரொம்ப நீளுது உனக்கு" என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஜன்னல் கதவின் ஆணியைச் சரி செய்துகொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

நான் எப்படி வாழ்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. எப்படிச் சமாளிக்கிறேன் என்றுதான் கேட்பாய். அதனால் எழுதுகிறேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை காலையில் ஆலிவ் எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அறுவடை தொடங்கிவிட்டது, லாரிகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு லாரியின் எண்ணெய்க்கும் அமிலத்தன்மை எவ்வளவு என்று அளந்து எழுதுகிறேன். சத்தம் தாங்காதபோது காதடைப்பான் மாட்டிக்கொள்கிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மீன் சந்தையில் எனக்கென்று ஒரு கடைக்காரர் இருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டே பேசுவார். நானும் மீனைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். எங்களுக்குள் நல்ல பழக்கம்.

முடியாததையும் எழுதுகிறேன். ஜூலையில் குளியலறைக் குழாய் வெடித்துவிட்டது. பிளம்பருக்குப் போன் செய்ய வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, தண்ணீருக்குள் இரண்டு மணி நேரம் நின்றேன். கடைசியில் கீழ்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவர்கள் வந்து அடைத்தார்கள். தனியாக முடியவில்லைதான். ஆனால் உன் வீட்டுக் குழாய் வெடித்தால் நீயும் வேறொருவரைத்தான் கூப்பிடுவாய். நான் கதவைத் தட்டினேன், நீ போன் செய்வாய். இதற்கு ஒரு வாக்குமூலமா?

எனக்கு வேண்டியது மனிதர்கள். அதைத் தேடித்தான் ஆகஸ்டில் ஆட்டிசம் சங்கத்து அலுவலகத்துக்குப் போனேன். மேஜையில் இருந்த பெண் மிகவும் அன்பானவள். "உக்காருங்க. புள்ளைய எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். "நான்தான் வந்திருக்கேன்" என்றேன். "அது சரி, புள்ள எங்க?" "அந்தப் புள்ள நான்தான். முப்பத்திநாலு வயசாயிடுச்சு." அவள் பதிவேட்டைப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள். பதினெட்டு வயது வரைதான் அங்கே எல்லாமே. அதற்கு மேல் என்ன என்று கேட்டேன். "அதுக்கு மேல... குடும்பம் பாத்துக்கும்" என்றாள்.

அந்த அறையில் எல்லா நாற்காலிகளும் சிவப்பு, மஞ்சள், முழங்கால் உயரம். ஒன்றில் ஒரு நாற்பது வயதுக்காரர் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அண்ணன் நின்றிருந்தார். தம்பி பெயர் ஸ்லிம். வாயால் பேசுவது குறைவு, போனில் தட்டிக் காட்டுவார். அண்ணன் லொத்ஃபி, துறைமுகச் சாலைக்குப் பின்தெருவில் சலூன் வைத்திருப்பவர். அவர்களுக்கும் அதே பதில்தான். வெளியே வந்ததும் லொத்ஃபி தெருவில் நின்று பொரிந்து தள்ளினார். "பதினெட்டு முடிஞ்சா ஆட்டிசம் எங்க போவுது? பிறந்தநாள் கேக்கோட சேத்து தின்னுடுவாங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, திங்கக்கிழமை நம்ம கடை லீவு. என்கிட்ட நாலு நாற்காலி இருக்கு. நாலும் பெரியவங்க உக்கார்ற நாற்காலி. வர்றியா?" என்றார்.

போனேன். ஆறு திங்கட்கிழமைகள் ஆகின்றன. இப்போது நாலு பேர். நான், ஸ்லிம், ஹாத்தம், ஸோஹ்ரா. ஹாத்தமுக்கு இருபத்தேழு. படிப்பை முடித்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருந்தவன். பந்தாட்ட நடுவர்கள் நம் ஊர் அணிக்குச் செய்த தவறுகள் எல்லாம் அவனுக்குத் தேதியோடு தெரியும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவான், கோபப்பட மாட்டான். ஸோஹ்ரா கல்யாண உடுப்பு தைப்பவள், ஐம்பத்திரண்டு வயது. அண்ணன் பேரனைக் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனவள், சுவரில் ஒட்டியிருந்த ஆட்டிசம் அறிகுறிகளைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். "அம்பத்திரண்டு வருஷமா என்னைத் திமிர் புடிச்சவளுன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

நாலு நாற்காலிக்கும் எதிரே ஒரே நீளக் கண்ணாடி. யாரையும் நேரே பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடியில் பார்த்தால் போதும். வேண்டாமென்றால் சோப்பு டப்பாக்களைப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம். சில நாள் பேசுகிறோம், சில நாள் பேசுவதில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது களைப்பாக இருப்பதில்லை. ஆட்களோடு இருந்துவிட்டு வந்து களைப்பில்லாமல் இருப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அம்மாவோடு இருந்ததைத் தவிர.

ஆகவே தாளில் கையெழுத்து இல்லை. நீ கோபப்படுவாய். கோபப்பட்டு எழுது, படிக்கிறேன்.

உன் சமையலறையில் எப்போதும் வெளிச்சம் இருக்கட்டும்.

தங்கை,
ஒல்ஃபா


ஸ்ஃபாக்ஸ்,
நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. மாமா போன் செய்து சொன்னதை வைத்து நீ எழுதியிருக்கிறாய். "முடி வெட்டும் கடையில், ஷட்டரை இறக்கிவிட்டு, ஆண்களோடு" என்று. மூன்றுமே உண்மை. ஆனால் மூன்றையும் அந்த வரிசையில் சொன்னால் பொய்யாகிவிடுகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எதிர்க் காய்கறிக் கடைக்காரருக்கு முதலிலிருந்தே எங்களைப் பிடிக்கவில்லை. ஸ்லிம் வாசலில் நின்று முன்னும் பின்னும் ஆடுவார், அவருக்கு அது ஓய்வு. "கடைத்தெருவுல பைத்தியங்களை நிறுத்தி வச்சா யாருய்யா வருவா?" என்று லொத்ஃபியிடம் சண்டைக்கு வந்தார். லொத்ஃபி, "உன் தக்காளியைப் பாத்தாலே யாரும் வர மாட்டாங்க, என் தம்பிமேல ஏன் பழி போடற?" என்றார். அதோடு காய்கறிக் கடைக்காரர் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார். மாமாவின் காதிலும் போட்டுவிட்டார்.

போன திங்கட்கிழமை, நாலரை மணி. ஸோஹ்ரா ஒரு முக்காட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மாமா நேரே உள்ளே வந்தார். ஒருவருக்கும் சலாம் சொல்லவில்லை. அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. "எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்" என்றார். "ஆறு மணிக்குத்தான் மாமா முடியும்" என்றேன். "உங்கம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. நான் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அந்த நாற்காலி சுழலும் அல்லவா, நான் சுற்றிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

மாமாவின் குரல் உயர்ந்தது. ஹாத்தமால் உரத்த குரலைத் தாங்க முடியாது. தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். மாமா அவனைக் காட்டி, "பாத்தியா? இதுங்களோடதான் உக்காந்திருக்கியா?" என்றார். ஸ்லிம் எழுந்து விளக்கை அணைத்தார். லொத்ஃபி ஷட்டரை இறக்கினார். நான் என் காதடைப்பானைக் கழற்றி ஹாத்தமுக்கு மாட்டினேன். ஸோஹ்ரா அவன் கைக்கும் தலைக்கும் நடுவே தன் துணிமூட்டையை வைத்தாள். அடி அதில் விழுந்தது. யாரும் அவனிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லவில்லை. அவனுக்கு ஏதோ இருக்கும்போது ஒன்றுமில்லை என்றால் எரிச்சல்தான் வரும். மாமாவும் இருட்டில் எங்களோடு நின்றிருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. பத்து நிமிடத்தில் ஹாத்தம் சரியாகிவிட்டான்.

அக்கா, அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. செய்ய வேண்டியது அவரவருக்குத் தெரிந்திருந்தது. உன் பட்டியலில் உள்ள பயிற்சி பெற்ற ஆட்கள் இதைவிட நன்றாகச் செய்வார்களா? செய்யட்டும். ஆனால் நாங்கள் செய்தோம்.

அப்போதுதான் ஷட்டரை யாரோ அடித்தார்கள். நகராட்சி அதிகாரி. சின்ன வயது, கையில் கோப்பு. திறந்ததும், "இங்க யாரு பொறுப்பு?" என்றார். லொத்ஃபி கடை தன்னுடையது என்றார். "கடையைக் கேக்கல. இவங்களுக்கு யாரு பொறுப்பு? கார்டியன் யாரு?" மாமா தொண்டையைச் செருமினார். தான் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. பொதுவாக இப்படிப்பட்டவை எனக்குத் தாமதமாகத்தான் புரியும். அன்று உடனே புரிந்துவிட்டது.

என் அடையாள அட்டையை எடுத்துச் சவரக் கத்திகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். "எனக்கு நான் பொறுப்பு" என்றேன். ஸ்லிம் தன் அட்டையை என்னுடையதன் அருகே, ஓரம் ஓரத்தோடு பொருந்த வைத்தார். ஹாத்தம் வைத்தான். ஸோஹ்ரா நூல்பெட்டியைக் குடைந்து தன்னுடையதை எடுத்து வைத்துவிட்டு, "தம்பி, நீ எந்த வருஷம் பொறந்த?" என்று கேட்டாள். அவர் தன்னை அறியாமல், "தொண்ணூத்தேழு" என்றார். "அப்ப நான் சம்பாதிக்க ஆரம்பிச்சு பத்து வருஷம் ஆயிருந்துச்சு. எனக்கா கார்டியன் கேக்கற?" என்றாள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. ஆனாலும் எழுதத்தான் செய்தார். வியாபார இடத்தில் விடுமுறை நாளில் கூட்டம் கூடாது, மறுபடி நடந்தால் கடையின் உரிமம் போய்விடும் என்று. "எனக்கு வேற வழி இல்ல, புகார் வந்திருக்கு" என்றார். லொத்ஃபி, "போனா போவட்டும், அடுத்த திங்கக்கிழமையும் தொறப்பேன்" என்றார். நாங்கள்தான் வேண்டாம் என்றோம். அந்தக் கடைதான் ஸ்லிம்மின் சாப்பாடு. அதை வைத்து வீரம் காட்ட எங்களுக்கு உரிமை இல்லை.

மாமா என்னோடு வீடு வரை நடந்து வந்தார், பத்தடி பின்னால். வாசலில், "பாத்தல்ல? இந்த ஊர்ல உன்னை மாதிரி ஆளுங்களுக்கு இடம் கிடையாது. ரவ்தா கூப்பிடறப்பவே போயிடு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது என்று நினைக்கிறேன். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம்.

இடம் கிடையாது என்று அவர் சொன்னதையே மூன்று நாளாக யோசிக்கிறேன். நான் இந்த ஊரில் பிறந்தவள். இந்த ஊர் எண்ணெயைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன், அது கப்பலேறி உன் ஊர்க் கடைக்கும் வருகிறது. எனக்கு இங்கே உட்கார ஒரு நாற்காலி இல்லையா? இல்லையென்றால், இல்லை என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். பூசி மெழுகிப் பேச வேண்டாம்.

இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். துஆ செய்.

தங்கை,
ஒல்ஃபா


ஸ்ஃபாக்ஸ்,
டிசம்பர் 19

அன்புள்ள ரவ்தா அக்காவுக்கு,

தாளைத் திருப்பிப் பார். நீ அனுப்பிய வாக்குமூலம்தான். பின்பக்கம் வெற்றாக இருந்தது, நல்ல தாள். அதனால் இந்தக் கடிதத்தை அதில் எழுதுகிறேன். மாமாவின் கையெழுத்தை நான் அடிக்கவில்லை, அது அவருடையது. என் கோடு காலியாகவே இருக்கிறது.

இப்போது நாங்கள் கூடும் இடம் மூலைக் காபிக்கடை. ஆமாம், அதே கடை. மாமா தினமும் மாலையில் தன் கூட்டாளிகளோடு சீட்டாடும் இடம். நாற்பது ஆண்கள், ஒரு பெண்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதைத் தேர்ந்தெடுத்தது மாமாவைக் குத்துவதற்காக இல்லை. அந்த ஒரு கடையில்தான் பாட்டுப் போடுவதில்லை. சீட்டாட்டக்காரர்களுக்குத் தொந்தரவு என்று.

முதல் திங்கட்கிழமை நாலு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போனோம். சத்தமெல்லாம் நின்றுவிட்டது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. சுவரோர மேஜையில் உட்கார்ந்தோம். மாமா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார். பரிமாறுபவர் வரவே இல்லை. ஒன்றேமுக்கால் மணி நேரம். ஸோஹ்ரா தைத்தாள், ஸ்லிம் ஆடினார், யாரோ சிரித்தார்கள். ஆறு மணிக்கு எழுந்து வந்தோம்.

இரண்டாவது திங்கட்கிழமை கடைக்காரரே வந்தார். என்னிடம் இல்லை, ஹாத்தமிடம் பேசினார், அவன் ஆண் என்பதால். "தம்பி, பொம்பளைங்களைக் கூட்டிட்டு அடுத்த தெருவுல குடும்பமா வர்ற டீக்கடைக்குப் போங்க. ஏசி இருக்கு, கேக் இருக்கு." ஹாத்தம், "நான் யாரையும் கூட்டிட்டு வரல, அவங்களாதான் வந்தாங்க" என்றான். நான், "அங்க பாட்டுப் போடறாங்க. காது வலிக்குது. இங்கதான் எங்களுக்குச் சரிப்படுது" என்றேன். "நான் காபி குடுக்க மாட்டேன்." "சரி. உக்காந்திருக்கோம்." "எத்தனை நாளைக்கும்மா உக்காருவீங்க?" "திங்கக்கிழமை மட்டும்தான்" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போனார். நான் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லையே என்று ஸோஹ்ராவிடம் கேட்டேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது திங்கட்கிழமை நல்ல மழை. பக்கத்து மேஜையில் ஒரு தடித்த மீசைக்காரர், நாலு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நடுவர் கொடுத்த பெனால்டி சரிதான் என்று சொல்லிவிட்டார். ஹாத்தமால் பொறுக்க முடியுமா? திரும்பி, நிமிடக் கணக்கோடு, எந்தக் கால் எந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தது என்று சொல்லத் தொடங்கினான். மீசைக்காரர், "நீ யார்ரா எனக்குச் சொல்ல? நான் மைதானத்துல இருந்தவன்!" என்று கத்தினார். நான் என் காதடைப்பானை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். ஹாத்தம் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, அவர் கத்துவதைப் பார்த்துக்கொண்டே தன் விளக்கத்தைத் தொடர்ந்தான். அவர் திகைத்துப் போனார். "காதை மூடிக்கிட்டா சண்டை போடற?" "நீங்க சொல்றது எனக்குத் தெரியும். நான் சொல்றதுதான் உங்களுக்குத் தெரியாது" என்றான். கடை முழுவதும் சிரித்தது. இந்த முறை யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. மீசைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கே வந்துவிட்டார். உப்பு டப்பாவையும் சர்க்கரைக் கட்டிகளையும் வைத்து ஆட்டக்காரர்கள் நின்ற இடத்தைக் காட்டினார். பரிமாறுபவர் அவருக்குக் காபி கொண்டுவந்தார். அவர், "எனக்கு மட்டும் கொண்டு வர்ற? இவங்கல்லாம் மனுசங்க இல்லையா?" என்று பரிமாறுபவர்மேல் பாய்ந்தார்.

நாலு காபி வந்தது. ஸ்லிம்முக்குக் கோப்பை பிடிக்காது, கண்ணாடித் தம்ளர்தான் வேண்டும் என்று போனில் தட்டிக் காட்டினார். பரிமாறுபவர் படித்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். காபி கொஞ்சம் கசப்பு. ஆனால் சூடாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கடைக்காரர் இன்னும் என் முகம் பார்த்து சலாம் சொல்வதில்லை. போன வாரம் யாரோ ஸ்லிம்மைப் போலவே ஆடிக் காட்டினார்கள். மாமா வேறு கடைக்குப் போகிறார். இந்தக் கடைக் காபி முன்போல் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். ஞாயிறு குஸ்குஸ் மட்டும் வருகிறது, மாமியின் கையில். மாமாவுக்கு நான் வருத்தம் கொடுத்திருக்கிறேன். தெரியும். அதற்காகத் திங்கட்கிழமையை விட்டுத்தர முடியாது.

இன்னொன்று. உன் பட்டியலை நானும் ஹாத்தமும் சுத்தமாகப் படி எடுத்து, ஒவ்வொரு வரிக்குக் கீழும் 'இங்கே எப்போது?' என்று எழுதி, நகராட்சியில் மனுவாகக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் அதே தொண்ணூற்றேழாம் வருடத்து அதிகாரி. முழுவதும் படித்தார். "அந்த ஊர்ல துணைக்கு ஆளே அனுப்புவாங்களா?" என்று கேட்டார். ஆமாம், என் அக்கா கண்ணால் பார்த்து எழுதியது என்றேன். முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். பதில் இல்லை. நேற்று இரண்டாவது மனு கொடுத்தோம். ஜனவரியில் மூன்றாவது. நீ இருக்கும் நாட்டில் இவையெல்லாம் வானத்திலிருந்து விழுந்திருக்காது. அங்கேயும் யாரோ போய் நின்றிருப்பார்கள், யாரோ அவர்களைப் பிள்ளை எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

இப்போது உன்னைப் பற்றி. இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். புதன்கிழமைச் சமையல், துணையாள், பகல்நேர இடம், எல்லாவற்றின் முகவரியும் இருக்கிறது. மனிதர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. பதினாறு வருடம் அங்கே இருக்கிறாய். நீ யாரோடு சாப்பிடுகிறாய்? நீ போனில் அழும்போது எனக்காக அழுகிறாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஸோஹ்ராவிடம் சொன்னேன். அவள் ஊசியை நிறுத்திவிட்டு, "அவ உனக்காக மட்டும் அழலடி" என்றாள். அதன் பிறகுதான் மறுபடி படித்தேன்.

அம்மாவின் அடக்கத்துக்கு உன்னால் வர முடியாமல் போனதை நான் குற்றமாக நினைத்ததே இல்லை. அன்றைக்கு விமானம் இல்லை, நீ வரவில்லை, அவ்வளவுதான். நீ அதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. தோன்ற இவ்வளவு நாள் ஆனதற்கு என்னை மன்னித்துவிடு. அம்மா கடைசி வாரத்தில் உன்னைக் கேட்டாள். கோபமாக இல்லை. ரவ்தா அங்கே குளிரில் சரியாகச் சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இப்போதும் தெரியாது.

நான் அங்கே வர மாட்டேன். நீ இங்கே வா. என்னைப் பார்த்துக்கொள்வதற்காக வராதே, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். சும்மா வா. மூன்று வாரம் முன்பே தேதியைச் சொல்லிவிடு. பக்கத்து அறையில் ஒருவர் இருப்பதற்கு நான் பழகிக்கொள்ள மூன்று வாரம் வேண்டும். நீ எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், காலையில் பேசுவாயா மாட்டாயா, இப்போதும் கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறாயா என்பதையெல்லாம் எழுது. அழ வேண்டும் என்றால் அழு. நான் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நீயே எழுதி அனுப்பிவிட்டால் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

இறைவன் உன் பாதையை எளிதாக்கட்டும். தேதியை எழுது.

உன் தங்கை,
ஒல்ஃபா